மானோப் கூலி கேட்ட கதை

முப்பத்து மூன்று வருடம் நில அலுவலகத்தில் சர்வேயராக இருந்த காலத்தில் மானோப் காசுக்குக் கை நீட்டினார் என்று சான் தோங் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்று, ஒரு பாட் காசு கூட வாங்காமல் ஊராருக்கு அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது.

வேலையில் இருந்தபோது அவரைப் பற்றிய புகார் வேறு. அளக்க வருகிற சர்வேயருக்குக் கோழியடித்துக் குழம்பு வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. மானோப் காலையில் வருவார், அளப்பார், உச்சி வெயிலில் ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தன் மூங்கில் கூடையைத் திறப்பார். உள்ளே பசையரிசிச் சோறும், சுட்ட பச்சைமிளகாயை இடித்த துவையலும் இருக்கும். மனைவி சேங்தா கட்டிக் கொடுத்தது. வீட்டுக்காரர்கள் கோழிக் குழம்பைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நிற்பார்கள். இவர் துவையலைத் தொட்டுக்கொண்டே, "நல்ல வாசனை" என்பார். அதற்கு மேல் ஒரு வாய் படாது.

"நேர்மையா இருக்கட்டும், வேணாங்கல. அதுக்காக நம்ம கோழிய அவமானப்படுத்தணுமா?" என்று ஒரு குடியானவர் நூடுல்ஸ் கடையில் கேட்டது வெகுநாள் பேசப்பட்டது.

சேங்தாவுக்கும் இதில் வருத்தம் உண்டு. "ஊர்ல எல்லா வீட்டுக் குழம்பும் நல்லா இருக்கும்னு கேள்வி. எனக்கு ஒரு துளி கூட வீடு வந்து சேரல. உங்க நேர்மைக்கு விடியக்காலம் எழுந்திரிச்சி மிளகா சுடறவ நானு" என்பாள்.

அவர் ஓய்வு பெற்ற வருடமே அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு கட்டில் வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும், இன்னொன்றைச் சுற்றினால் முழங்கால் மடங்கும். தலைமாட்டில் மஞ்சள் பெயின்டில் கொடுத்தவர் பெயர் இருந்தது: வேறு ஊர் அரிசி ஆலைக் குடும்பம் ஒன்று, காலமான தகப்பனாரின் நினைவாக. எங்கள் பக்கத்தில் பெயர் எழுதாத நன்கொடை என்று ஒரு பொருள் கிடையாது. கோயில் பெஞ்சு, பள்ளிக்கூட மின்விசிறி, சுடுகாட்டுத் தண்ணீர்த் தொட்டி, எதில் உட்கார்ந்தாலும் எதைக் குடித்தாலும் யாரோ ஒருவர் பெயர் தெரியும்.

"ரெண்டு வருஷமா யாரோ ஒரு மனுஷன் பேர்ல தலை வச்சிப் படுத்திருக்கேன். அவரு மூஞ்சி எப்படி இருக்கும்னு கூடத் தெரியாது. உங்களுக்குப் பொறாமை வரலியா?" என்று பாதி வாயால் சிரித்தாள் சேங்தா. அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள அவருக்கு முதலில் ஒரு மாதம் ஆனது. பிறகு பழகிவிட்டது.

அவள் போன மறுநாள் காலையில், சடங்கு முடிவதற்கு முன்பே, சுகாதார நிலையத்து நர்ஸ் ரச்சனி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கட்டிலுக்கு ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். முதல் பெயர்க்காரர் தரையில் கிடக்கிறார். மானோப் தானே கைப்பிடிகளைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஒன்பது என்ற எண் மட்டும் அவருடனேயே தங்கிவிட்டது. அளவுக்காரருக்கு எண் என்றால் அப்படித்தான்.

அவரிடம் விற்க நிலம் இல்லை. கொடுக்கப் பணம் இல்லை. கையில் இருந்தது ஒரே ஒரு வித்தை: புதைந்துபோன எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பது. நில அலுவலகத்தில் மனுப் போட்டால் ஆள் வர எட்டு மாதம். அதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் வேலியை ஒரு முழம் நகர்த்திவிடுவார். ஆகவே மானோப் ஊரில் சொல்லிவிட்டார்: புதன்கிழமைகளில் வருவேன், கல் எங்கே என்று காட்டுவேன், முத்திரையோடு காகிதம் வேண்டுமானால் அலுவலகத்துக்குப் போய்க்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் வேண்டாம். சுகாதார நிலையத்துக்குக் கட்டில் வாங்குகிற நிதிக்கு மனசுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்.

புதன் மாலைகளில் வீடு திரும்பி, ஒரு சின்னக் குவளைத் தண்ணீரை மாமரத்தின் அடியில் மெல்ல ஊற்றுவார். செய்த புண்ணியத்தைச் செத்தவர்களுக்கு அனுப்புகிற வழி அது. "சேங்தா, இன்னிக்கி ரெண்டு கல்லு கெடச்சுது. எடுத்துக்க" என்பார். அவருக்கு அந்த ஏற்பாடு முழுத் திருப்தியாக இருந்தது. தன் நேரத்தைக் கட்டிலாக மாற்றி, கட்டிலைப் புண்ணியமாக மாற்றி, சேங்தாவுக்கு அனுப்பியாயிற்று. இடையில் தன் கையில் எதுவும் ஒட்டவில்லை.

அவர் கணக்கில் சேர்க்காதது ஒலிபெருக்கியை.

ஊர்த்தலைவி நோங்யாவ் தினமும் காலை ஆறு மணிக்கு ஊர் நடுக் கம்பத்தில் கட்டிய நான்கு குழாய்களின் வழியாக ஊரை எழுப்புவாள். உர மானியம், தண்ணீர் நிறுத்தம், காணாமல் போன எருமை எல்லாம் முடிந்த பிறகு நன்கொடைப் பட்டியல் வரும். பெயர், தொகை, ஒரு இடைவெளி. இடைவெளி, ஊர் முழுவதும் ஒன்றாக "சாது" என்று சொல்லிப் புண்ணியத்தில் பங்கு எடுத்துக்கொள்வதற்கு. அந்த இடைவெளியில்தான் ஊர் தொகையை எடை போடும்.

விளைவுகள் விசித்திரமாக இருந்தன. இலவசம் என்றதும் ஏழைகள் வருவார்கள் என்று மானோப் நினைத்திருந்தார். ஏழைகள் பயந்தார்கள். கூலி என்று முந்நூறு கொடுத்திருக்கக்கூடிய ஒருவர், பெயர் வாசிக்கப்படுமே என்று அறுநூறு கடன் வாங்கிக் கொடுத்தார். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் பதினெட்டு ஏக்கரைச் சுற்றி அளக்க வைத்துவிட்டு நூறு பாட் கொடுத்து, பெயரை இருமுறை வாசிக்கச் சொன்னார். ஒரு விதவை முப்பது முட்டை கொண்டு வந்தாள். நோங்யாவ் முட்டைகளை ஏலம் விட்டு அந்தத் தொகையை வாசித்தாள். இருந்தாலும் கட்டில்கள் வந்தன. முதல் வருடம் ஐந்து. மானோப் விசித்திரங்களைப் பார்க்காமல் கட்டில்களை மட்டும் எண்ணிக்கொண்டார்.

இரண்டாம் வருடம் லாங்கான் பழமரங்கள் பூக்கிற மாதத்தில் கம்பான் வந்தாள்.

கம்பானுக்கு அறுபத்தெட்டு வயது. தங்கை சீநுவானுக்கு அறுபது. தாயின் தோப்பு முப்பது வருடத்துக்கு முன்பு இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பாதி அக்காவுக்கு, மேற்கு தங்கைக்கு. நடுவில் சாலையிலிருந்து வாய்க்கால் வரை ஒரு வரிசை, ஏழு லாங்கான் மரங்கள். தாய் இருந்தவரை இருவரும் சேர்ந்தே பறித்தார்கள். தாய் போன வருடம் பழம் நல்ல விலைக்குப் போயிற்று. அதோடு வரிசை யாருடையது என்ற கேள்வி வந்துவிட்டது. சாலையோரக் கல் இருந்தது. வாய்க்கால் ஓரக் கல்லைக் காணவில்லை.

"தம்பி, அந்தக் கல்ல நீதான நட்ட? எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் கம்பான்.

"நட்டது நான்தான் அக்கா. முப்பது வருஷமாச்சு. தோண்டிப் பாத்தாத்தான் தெரியும். அடுத்த புதன் வரேன்."

"வா, வா. அதுக்கு முன்னாடி நம்ம பங்கக் கட்டில் நிதிக்குப் போட்டுர்றேன். நல்ல காரியத்துக்கு நேரம் காலம் பாக்கக் கூடாது."

மானோப் தலையாட்டினார். நல்ல காரியம்தானே என்று நினைத்தார். அவருடைய பிழை அந்தத் தலையாட்டலில் இருந்தது.

மறுநாள் காலை நோங்யாவின் குரல் வந்தது: "சான் தோங் மக்களே, எல்லாரும் எழுந்தாச்சா? கட்டில் நிதிக்கு அம்மா கம்பான் குடும்பத்தார் ரெண்டாயிரம் பாட்!"

சாது.

அதற்கு மறுநாள்: "அம்மா சீநுவான் குடும்பத்தார், மூவாயிரம் பாட்!"

இந்த முறை இடைவெளி கொஞ்சம் நீண்டது. ஊர் புரிந்துகொண்டது. மூன்றாம் நாள் கம்பான் ஐயாயிரம். நான்காம் நாள் சீநுவான் எட்டாயிரம். ஆறு மணிக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு தெருவில் வந்து நின்று கேட்டார்கள். லாட்டரி முடிவுக்குக் கூட இத்தனை பேர் நின்றதில்லை. புதன்கிழமை மழை. அளப்பது ஒரு வாரம் தள்ளிப் போயிற்று. அதற்குள் மொத்தத்தில் அக்கா பதினாலாயிரம், தங்கை பதினேழாயிரம் என்று ஏறிவிட்டார்கள்.

ரச்சனி சைக்கிளை நிறுத்திவிட்டு மானோப் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "பெரியப்பா, ரெண்டு கட்டில் ஆச்சு. மூணாவதுக்குக் கொஞ்சந்தான் கொறையுது. ஒரே ஒரு உதவி செய்யுங்க."

"என்ன?"

"அவசரப்பட்டு அளந்துராதீங்க. இன்னும் ரெண்டு வாரம் உங்களுக்கு இடுப்பு வலின்னு சொல்லிக்கலாம். நானே சீட்டு எழுதித் தரேன்."

மானோப் சிரித்தார். அன்று மத்தியானம் நூடுல்ஸ் கடைக்குப் போகும்போது கூடச் சிரிப்பு முழுக்கப் போகவில்லை. கடைக்குள் நுழைய இருந்தவர் வாசல் தட்டிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கோடு எங்க விழும்ங்கற?"

"இதுல என்ன ஜோசியம்? இப்போ சின்னவ மூவாயிரம் முன்னாடி. கோடு அக்கா பக்கம் மூணு முழம் போயிருக்கும். பெரியவ நாளைக்கி அஞ்சாயிரம் போட்டா திரும்பி வந்துரும்."

"சேச்சே, மானோப் அப்படிப்பட்ட ஆளா?"

"நான் அவரு வாங்கறாருன்னா சொன்னேன்? கட்டில் வாங்குது. பொண்டாட்டிக்குப் புண்ணியம் போவுதில்ல? ஆயிரம் வாங்கித் தின்னா ஜீரணம் ஆயிரும். புண்ணியம் அடுத்த பிறவிவரைக்கும் வரும். எது பெரிய லஞ்சம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மானோப் கடைக்குள் போகாமல் திரும்பி நடந்தார். அவரைச் சுட்டது கேலி அல்ல. அதில் அவரால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான். யோசித்துப் பார்த்தார்: பதினேழாயிரம் என்று கேட்ட அன்று மாலையில், மாமரத்தடியில் தண்ணீர் ஊற்றும்போது தனக்கு மனம் கொஞ்சம் அதிகமாகவே நிறைந்திருந்தது. சீநுவான் நல்ல பெண் என்று கூட ஒரு நினைப்பு வந்தது. இப்போது கோடு சீநுவான் பக்கம் வந்தால் விற்றுவிட்டார் என்பார்கள். கம்பான் பக்கம் வந்தால், பழிக்குப் பயந்து கோட்டை நகர்த்திவிட்டார் என்பார்கள். கல் எங்கே கிடந்தாலும் அதை அவர் கொண்டுபோய் வைத்ததாகத்தான் ஆகும். முப்பத்து மூன்று வருடம் தின்னாமல் விட்ட கோழிகள் அத்தனையும் வீண்.

நோங்யாவிடம் போனார். "தலைவி, ரெண்டு பேர் பணத்தையும் திருப்பிக் குடுத்துரு. அளந்த பிறகு வேணும்னா குடுக்கட்டும்."

நோங்யாவ் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, நீங்க வெயில்ல அலையறதக் கொறைக்கணும். ஊர் முச்சூடும் சாது சொல்லிப் பங்கு எடுத்தாச்சு. இப்ப நான் மைக்கப் புடிச்சி, மக்களே, போன வாரம் நீங்க எடுத்த புண்ணியத்தத் திருப்பிக் குடுங்கன்னு சொல்லவா?"

"பணத்த மட்டும்."

"குடுத்த தானத்தத் திரும்ப வாங்கறவன் செத்தா என்னவாப் பொறப்பான்னு உங்களுக்குத் தெரியாதா? பனைமர ஒசரம், ஊசித் துவார வாய். அந்தப் பசிப்பேய்க் கோலத்துக்கு அவளுங்க ரெண்டு பேரும் சம்மதிப்பாளுங்களா? போய்க் கேளுங்க."

கேட்டார். கம்பான் காதைப் பொத்திக்கொண்டாள். சீநுவான், "அக்கா மொதல்ல வாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். அக்கா பேயாகப் பிறப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை போலிருந்தது.

அளக்கவே மாட்டேன் என்று விலகிவிடலாம். அப்போது முப்பத்தோராயிரம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினார் என்று வரும். மரவரிசைச் சண்டை வெட்டுக்குத்தில் முடியும். மறுநாள் காலை அவர் மிளகாய் சுட்டுக்கொண்டே யோசித்தார். சேங்தா போன பிறகு துவையலை அவரே இடிக்கிறார்; உப்பு ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. சோற்றுக் கூடையை மூடும்போது ஒன்று உறைத்தது. அன்றைக்குக் கோழி வேண்டாம் என்று சொல்ல முடிந்தது தன் பெருமையால் அல்ல. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, அதனால். வேலைக்கு விலை முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது; அதற்கு மேல் வருகிற எதையும் வேண்டாம் என்று தள்ள ஓர் இடம் இருந்தது. கூலிக்கு ஓர் அளவு உண்டு. கொடுத்தவரும் வாங்கியவரும் அதோடு பிரிந்து போய்விடலாம். தானத்துக்கு அளவு கிடையாது. அளவில்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு அளக்கப் போனதுதான் தப்பு.

கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கினார். வரும் வழியில் இரண்டு வீட்டிலும் நின்றார்.

"அக்கா, அளக்கறதுக்கு ஆயிரத்து ஐந்நூறு கூலி. எனக்கு. என் கையில. சீநுவானுக்கும் அதேதான்."

கம்பான் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டிலுக்குப் பதினாலாயிரம் குடுத்தேனே."

"அது கட்டிலுக்கு. எனக்கு நீ இன்னும் ஒண்ணும் குடுக்கல."

"இலவசம்னு சொன்னியே தம்பி!"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"ஆயிரத்து ஐந்நூறு அநியாயம். ஒரு நாடாவ அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் இழுக்கறதுக்கா? ஆயிரம்."

"அக்கா..."

"ஆயிரத்து நூறு. வெயில்ல வரியேன்னு நூறு."

பதினாலாயிரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவள் ஆயிரத்து ஐந்நூறுக்கு அரை மணி நேரம் மல்லுக்கு நின்றாள். மானோப்புக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. பேரம் பேசுகிறாள் என்றால் அவர் மறுபடியும் ஒரு வேலைக்காரர் ஆகிவிட்டார் என்று பொருள். ஆயிரத்து முந்நூறில் முடிந்தது. ஏற்கெனவே முழுத் தொகையும் கொடுத்துவிட்டிருந்த சீநுவானிடம் போய் இருநூறு பாட்டைத் திருப்பிக் கொடுத்து, புது ரசீது எழுதினார். அவள், "அக்கா பேசினதுல எனக்கும் லாபம். இத அவகிட்ட சொல்லிராதீங்க அண்ணே, ராத்திரி தூக்கம் வராது அவளுக்கு" என்றாள்.

அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. "பாத்தியா, வயசானதும் ஆசை வந்துருச்சு." "கட்டில்னு ஆரம்பிச்சு கடைசில பைக்குள்ள போயாச்சு." மானோப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கூலி வாங்கிய வேலையில் புண்ணியம் இல்லை. குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கி உனக்கு ஒண்ணும் வராது. பொறுத்துக்க." ஊர் பேசியதெல்லாம் சேர்ந்து கொடுக்காத வலியை அந்தக் கவிழ்த்த குவளை கொடுத்தது.

புதன்கிழமை தோப்பில் பாதி ஊர் இருந்தது. கம்பான் இருந்ததிலேயே பெரிய கோழியை அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். சீநுவான் மீன் வறுத்திருந்தாள். மானோப் தன் கூடையை ஒரு கிளையில் மாட்டிவிட்டு நாடாவை எடுத்தார்.

சாலையோரக் கல்லிலிருந்து பத்திரத்தில் கண்ட நீளம் வாய்க்கால் கரையில் வந்து முடிந்தது. ஆனால் கரையில் எந்த இடம் என்பதைச் சொல்ல நாடா போதாது. வாய்க்காலை அகலப்படுத்தியபோது மற்ற மூலைக் கற்களும் போய்விட்டன. தோண்டினார்கள். ஒரு மணி நேரத்தில் மண்வெட்டி நங்கென்றது. கல்! மேற்கே சாய்ந்து, எண் பொறித்த முகம் மேலாகக் கிடந்தது. அந்தக் கல்லை நம்பினால் வரிசை முழுவதும் கம்பானுடையது. கம்பான் கைகூப்பி வானத்தைப் பார்த்தாள்.

மானோப் குழிக்குள் இறங்கினார். கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெறும் மண்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அலுவலகத்தில் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கல் நடும்போது அடியில் உடைந்த பீங்கான் துண்டு ஒன்றை வைப்பார். கல்லை நகர்த்துகிறவன் கல்லை மட்டும்தான் நகர்த்துவான். அடியில் கிடக்கிற சில்லு யார் கண்ணிலும் படாது. இங்கே சில்லு இல்லை. வாய்க்கால் தூர்வாரிய இயந்திரம் எப்போதோ கல்லைத் தள்ளியிருக்கிறது.

இந்த இடத்தில் அவர் மேலே ஏறிவந்து, "கல் இதுதான்" என்று சொல்லியிருக்கலாம். ஊர் பார்த்த கல், எண் போட்ட கல். குறைவாகக் கொடுத்தவளுக்குக் கோடு விழுகிறது. அவர் பெயர் ஒரே நாளில் வெளுத்திருக்கும். சில்லு ஒன்று உண்டு என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"இன்னும் தோண்டணும்" என்றார். "கிழக்கால."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கிழக்கு என்றால் கம்பான் நிலம். யாரோ, "பதினேழாயிரம் பேசுது" என்றார்கள், மெதுவாக என்று நினைத்துக்கொண்டு.

கம்பான் குழியின் விளிம்புக்கு வந்தாள். "கல்லு கெடச்சப்புறம் எதுக்குத் தோண்டற? அவ எவ்வளவு குடுத்தா உனக்கு?"

"ஆயிரத்து முந்நூறு. நீ குடுத்தது எவ்வளவோ அவ்வளவு. ரசீது வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"அந்தக் காசுக்குத்தான் தோண்டறேன். கட்டிலுக்குக் குடுத்தத கட்டில்கிட்ட போய்க் கேளு."

கூலி கொடுத்த வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்ல கம்பானுக்கு மனம் வரவில்லை. பேரம் பேசி வாங்கிய வேலை வேறு.

ஒன்றரை முழம், இரண்டு முழம், மூன்று. மூன்றாவது முழத்தில் மானோப் மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு விரலால் தோண்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்லு வந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினார். வெள்ளைப் பீங்கானில் கறுப்பு வாலும் சிவப்பு உடம்புமாக அரைச் சேவல்.

"கல்லு நட்ட இடம் இது. கல்லுக்கு அடியில நான் ஒரு சில்லு வைப்பேன். இதான் அது" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமான பேச்சு என்று அவருக்குத் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்ததாகக் கூடச் சொல்லலாம்.

கம்பான் கையை நீட்டினாள். "இங்க குடு."

சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேவலின் வாலுக்கு அருகில் ஒரு கறுப்புப் பொட்டு, சூளையில் விழுந்த குறை. அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "இது எங்கம்மா கிண்ணம். அன்னிக்கிக் காலையில நான்தான் ஒடைச்சேன். முப்பத்தெட்டு வயசுப் பொம்பளைன்னு கூடப் பாக்காம வெளக்குமாத்த எடுத்தா. நீ வந்து நின்னு, ஒடஞ்சத எனக்குக் குடுங்க அம்மா, வேலைக்கு ஆகும்னு வாங்கிக்கிட்டுப் போன."

மானோப் இதை அடியோடு மறந்திருந்தார். கையிலிருந்த சில்லுகள் தீர்ந்து, வீட்டில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

"அக்கா ஓடி வந்து என் பின்னாடி ஒளிஞ்சா" என்றாள் சீநுவான். "எனக்கும் ஒரு அடி விழுந்துச்சு."

"நீ சும்மா இருடி. ஜெயிச்சவ பேசக் கூடாது."

ஏழில் ஐந்து மரம் சீநுவானுக்குப் போயிற்று. இரண்டு பேரும் அன்று பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வெட்டிக்கொள்ளவும் இல்லை. சில்லைக் கம்பான் திருப்பிக் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். மானோப் அங்கே ஓர் ஆணி அடித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து தன் கூடையைத் திறந்தார். கோழியும் மீனும் இரண்டு பக்கமும் ஆறிக்கொண்டிருந்தன. துவையலில் உப்பு அதிகம்.

அதன் பிறகு சான் தோங்கில் சர்வேயர் மானோப்புக்குக் கூலி ஆயிரத்து முந்நூறு என்று நிலைத்துவிட்டது. இல்லாதவர்களுக்கு முந்நூறு, முட்டை எடுத்துக்கொள்ளப்படமாட்டாது. காசுக்காரர் ஆகிவிட்டார் என்று பேசினார்கள். கோடு கோணல் என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை. ஏழைகள் பயமில்லாமல் வந்தார்கள். விலை தெரிந்த இடத்தில் வெட்கம் இல்லை.

ஆனால் அக்காவும் தங்கையும் கொடுத்த இரண்டாயிரத்து அறுநூறு பாட் அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் அதை ஓர் உறையில் போட்டு, பெயர் எழுதாமல், சுகாதார நிலையத்து உண்டியலில் தள்ளிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நோங்யாவின் குரலில் ஒரு தடுமாற்றம். அவளுக்கு இது பழக்கமில்லை. "கட்டில் நிதிக்கு... பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர்... ரெண்டாயிரத்து அறுநூறு பாட்!"

இடைவெளியில் ஊர் கணக்குப் போட்டது. ஆயிரத்து முந்நூறும் ஆயிரத்து முந்நூறும். தெருவில் யாரோ சிரித்தார்கள், பிறகு ஊரே சிரித்தது. மானோப் தலையணையை முகத்தில் போட்டுக்கொண்டார்.

ஏழு மணிக்கு வாசல் கதவைக் கம்பான் தட்டினாள்.

"அதுல ஆயிரத்து முந்நூறு என்னுது!"

"கூலியாக் குடுத்த. கூலி என்னுது அக்கா."

"அப்ப புண்ணியம் யாருது?"

மானோப்பின் பார்வை போன இடத்தைக் கம்பானும் பார்த்தாள். மாமரத்தடியில் மண் ஈரமாக இருந்தது. குவளை நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. சுவரில் சேங்தா, பாதி வாய்ச் சிரிப்புக்கு முந்திய காலத்து முழுச் சிரிப்போடு.

கோபத்தோடு வந்தவள், அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் வாசல் தூணைத் தட்டினாள்.

"அவளுக்குத்தான்னா அவ பேரச் சொல்லித் தொலைய வேண்டியதுதான? பேரில்லாத புண்ணியம் எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்? அவ அங்க நின்னு காத்துக்கிட்டிருக்கா, இவரு வெலாசம் எழுதாம தபால் போடறாரு!"

"அக்கா, நான் அந்தக் கம்பத்துல..."

"உன் பேர யாரு கேட்டா?"

போய்விட்டாள். அவள் எங்கே போகிறாள் என்று மானோப்புக்குத் தெரிந்தது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் அவர் ஐந்தரைக்கே எழுந்து முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். யாரோ விருந்தாளி வருகிறாற்போல. குழாய் கரகரத்தது. உர மானியம் வந்தது. தண்ணீர் நிறுத்தம் வந்தது.

"நேத்து வாசிச்சதுல ஒரு திருத்தம். ரெண்டாயிரத்து அறுநூறு பாட் குடுத்தது, அம்மா சேங்தா. மானோப் அண்ணன் வீட்டம்மா."

இறப்பு அறிவிப்புக்குப் பிறகு அந்தப் பெயர் அந்தக் கம்பத்தில் ஒலிக்கவில்லை. இடைவெளி வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து, தோப்புப் பக்கமிருந்து, தூரத்தில் வாய்க்கால் கரையிலிருந்து கூட, "சாது" என்று கேட்டது. மானோப்பும் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது, பாதி.

"அடுத்து," என்றாள் நோங்யாவ், "நாளைக்கி நாய்ங்களுக்கு வெறிநோய் ஊசி. கட்டிப் புடிச்சிக் கொண்டாங்க. போன வருஷம் மாதிரி டாக்டரக் கடிக்க விட்டுறாதீங்க."